விலாசத்தைக் கொடுத்தது நான்தான்

கீழ்வேளூர்,
பிப்ரவரி 9

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிரிலும் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கும் வலது தோள்பட்டை வலியைத் தவிர ஒன்றுமில்லை, அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். என் போன் ஏன் ஒரு வாரமாக அணைந்தே கிடக்கிறது என்று அப்பாவிடம் நாலு தடவை கேட்டாயாம், தண்ணீரில் விழுந்துவிட்டது என்று அவர் சொன்னாராம். தண்ணீரில் விழவில்லை. போனும் கடைக் கம்ப்யூட்டரும் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கின்றன. அப்பாவின் போனில் உன்னிடம் பேசியிருக்கலாம், ஆனால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமில்லை இது, வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். தை மழை இந்த வருஷமும் சும்மா விடவில்லை, வாய்க்காலுக்கு மேற்கே நம் குத்தகை நிலத்தில் கதிர் அப்படியே படுத்துவிட்டது, மிஷின் இறங்க முடியாமல் ஆள் வைத்து அறுத்தோம், அதுவும் முடிந்தது. இனி நடந்ததை எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் போட நினைக்காதே, முழுவதும் படி.

பஜாரில் நம் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், அடுத்த தெருவில், வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் ரசியா பேகம் அக்காவை உனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் எட்டு மாதமாக மாலதி என்று ஒரு பெண் குடியிருந்தாள், இருபத்தாறு வயது, பேராவூரணிப் பக்கம், கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. ரசியா அக்காவிடமே தையல் வேலை. அவள் கழுத்தெலும்பு ஒரு பக்கம் கோணலாக ஒட்டியிருக்கும். புருஷன் சதீஷ் தேங்காய் வெட்டுகிறவன், அவன் உதைத்து உடைந்த எலும்பு அது. குழந்தையையும் அடிக்க ஆரம்பித்த அன்றைக்குப் பட்டப்பகலில் பஸ் ஏறி வந்துவிட்டாள். கார்த்திகை மாதம், வருகிற ஜூனில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆதாரில் விலாசம் மாற்ற நம் கடைக்கு வந்தாள். எல்லாம் முடித்துக் கொடுத்தபோது, “அக்கா, இத யாருக்கும் காட்டிடாதீங்க, அவனுக்குத் தெரிஞ்சா எங்கள உசுரோட விடமாட்டான்” என்றாள். நான் சிரித்தேன். யாரும்மா வந்து கேக்கப்போறாங்க என்றேன். அவள் காகிதங்களை வழக்கம்போல அவள் பேரில் கம்ப்யூட்டரிலேயே போட்டு வைத்தேன், ஊரில் எல்லாருடையதையும் வைத்திருப்பதுபோல. போன வருஷம் நீ வந்திருந்தபோது என்னுடைய இந்தப் பழக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னோடு சண்டை போட்டாய், வேல முடிஞ்சதும் அழிச்சிடணும்மா, இது அவங்க சொத்து என்று சொன்னாய். அவசரத்துக்கு வேணும்னு அவங்களேதான் வச்சிருக்கச் சொல்றாங்க, நம்மகிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு என்று நான் உன் வாயை அடைத்தேன்.

ஜனவரி முப்பதாம் தேதி, காலை பதினோரு மணி இருக்கும். ஒருத்தன் கடைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் உரச்சாக்கில் தைத்த பை. மாலதியின் போட்டோவைக் காட்டி, இந்த ஊருலதான் இருக்கான்னு சொன்னாங்க, நான் அவளோட அண்ணன் என்றான். “அம்மா பெரிய ஆஸ்பத்திரியில கெடக்குங்க. மவ மொகத்த ஒரே ஒரு தடவ பாத்துட்டா நிம்மதியா கண்ண மூடிரும். புருஷன்காரன் அடிச்சான்னு ஓடியாந்துட்டா, நாங்க அவள குத்தம் சொல்லலைங்க” என்று சொல்லி அழுதான். நிஜமாகவே கண்ணீர் வந்தது, கயல். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மாலதியை ஒரு வார்த்தை போனில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, தாய் சாகக் கிடக்கிறாள் என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. கம்ப்யூட்டரைத் திறந்து, புது விலாசம் போட்ட காகிதத்தைப் பிரிண்ட் எடுத்து, வழக்கம்போலக் கடை சீலையும் குத்தி அவன் கையில் கொடுத்தேன். போதாததற்குக் கடையை விட்டு இறங்கி வந்து, பச்சைக் கேட்டு வீடு, பின்பக்கம் போகணும் என்று கையைக் காட்டினேன். அவன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் நெஞ்சில் என்னவோ உறுத்தியது. மாலதி அண்ணனென்று ஒருத்தனைப் பற்றிப் பேசியதே இல்லை. அவளுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஷட்டரை இறக்கலாம் என்று கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தபோது ரசியா அக்காவின் அலறல் கேட்டது. ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுக் கம்பியோடு ஓடினேன். நான் போனபோது பின்கட்டு வாசலில் மாலதி முட்டி போட்டுக் கிடந்தாள், அவள் பின்னலை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவன் அரிவாளை ஓங்கியிருந்தான், அண்ணன் இல்லை, அந்தப் புருஷன் சதீஷ்தான். ஒரு வெட்டு ஏற்கெனவே விழுந்து தோள் பிளந்திருந்தது. அடுத்ததை அவள் கையை நீட்டித் தடுத்தாள், இரண்டு விரல்கள் சிமெண்டுத் தரையில் தெறித்து விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குழந்தை தையல் மிஷினுக்கு அடியில் மிதிபலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது, அழக்கூட இல்லை. ரசியா அக்கா சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை அவன் முதுகில் வைத்து அழுத்தினார்கள், சட்டையோடு தோல் கருகிய நாற்றம் வந்தது, அவன் திரும்பி அவர்களை எட்டி உதைத்தான், சுவரில் மோதி விழுந்தார்கள். என்னைப் பார்த்ததும், “இது எங்க குடும்ப விசயம், நீ வாசல்லயே நில்லுடி” என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. முதல் அடி அவன் முழங்கைக்குக் கீழே விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, அரிவாள் கீழே விழுந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவன் தலையைக் கையால் மறைத்தான், மறைத்த கையில் அடித்தேன், குனிந்தபோது முதுகில் அடித்தேன், கீழே விழுந்து காலைச் சுருட்டிக்கொண்ட பிறகும் அடித்தேன். கம்பியின் கொக்கி அவன் காதோரம் கிழித்து ரத்தம் என் சேலையெல்லாம் தெறித்தது. ரசியா அக்கா எழுந்து வந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு, “பொன்னுத்தாயி, போதும்மா, வுடு, செத்துருவான், நீ செயிலுக்குப் போயிருவ” என்று கத்திய பிறகுதான் கம்பி கையிலிருந்து நழுவியது. அப்புறம் என் முந்தானையைக் கிழித்து மாலதியின் கையைக் கட்டினேன். அவள் ரத்தம் எது, அவன் ரத்தம் எது என்று என் சேலையில் பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது.

குடும்ப விசயம், வாசல்லயே நில்லு. இதே வார்த்தையை இதற்கு முன் நான் கேட்டிருக்கிறேன், நீயும் கேட்டிருக்கிறாய். நீ ப்ளஸ் டூ படித்தபோது, அந்தப் பையன் பரிதியோடு போனில் எழுதிக்கொண்டதை அப்பா படித்துவிட்டு பெல்ட்டால் உன்னை அடித்த அன்றைக்கு, சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு நாகம்மாளிடம் அவர் சொன்னது. நீ சமையற்கட்டு மூலையில் சுருண்டு கிடந்தாய். கடைசியாக அவர் கையால் விட்ட அறையில் உன் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு எட்டுகூட எடுத்து வைக்கவில்லை. டாக்டரிடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னதும் நான்தான். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பா உன் போனை எப்படித் திறந்தார் என்று நீ அப்போது கேட்டாய், யாரும் பதில் சொல்லவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். நீ திரையில் கோடு இழுப்பதைப் பின்னால் நின்று பார்த்து வைத்திருந்தேன். மகள் கெட்டுப்போய்விடக் கூடாது, அப்பாவுக்குத் தெரிந்தால் கண்டித்து வைப்பார் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். சதீஷிடம் விலாசத்தையும் நல்லது நினைத்துத்தான் கொடுத்தேன். இரண்டு தடவையும் நல்லதுதான் நினைத்தேன் கயல், இரண்டு தடவையும் ஒரு பெண்ணின் ரத்தம் தரையில் கிடந்தது.

சென்னையில் இதைவிடப் பெரிய சம்பளத்தில் வேலை வந்ததை விட்டுவிட்டு, ஆட்கள் பேசுவதையும் எழுதுவதையும் மற்றவர் பார்க்க முடியாமல் பூட்டுப் போடுகிற கம்பெனிக்கு நீ ஜெர்மனி போனபோது, உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். ஒருநாள் உன்னோடு வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சொன்னாய். உன் பக்கத்து மேசைக்காரருக்குக் கணக்கு பிடிக்கும், அது புதிர் மாதிரி இருக்கிறது என்று வந்தாராம். இன்னொரு பெண்ணின் தகப்பனார் எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு அவர் நாட்டில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம், திரும்பி வரவேயில்லையாம். நீ எதற்குடி போனாய் என்று கேட்டேன். “அத உங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேம்மா” என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். வெளிநாட்டு மோகம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இப்போது நீ சொல்ல வேண்டியதில்லை.

போலீஸ் வந்தபோது, அவனுக்கு விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். வியாபாரிகள் சங்கத்துத் தியாகேசன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, டீக்கடையில விசாரிச்சிருப்பான்னு சொல்லிடும்மா, நீ ஓடிப்போய்க் காப்பாத்துனவ, ஒனக்கு மாலை போடற நேரத்துல எதுக்கு இத இழுத்து விடற என்றார். அப்பாவும் அதையேதான் சொன்னார். இரண்டு நாள் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், பஜாரில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள், அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன், உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி மாலதியைப் பார்க்கப் போனேன். தோளில் முப்பத்தோரு தையல், இடது கையில் இரண்டு விரல் இல்லை. கட்டில் ஓரம் நின்று, உன் விலாசத்தைக் கொடுத்தது நான்தான் என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, “தெரியும்க்கா. உள்ள வரும்போதே அந்தப் பேப்பர கையில வச்சிருந்தான். ஒங்க கடை சீல் இருந்துச்சு” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரையும் என் போனையும் எடுத்துக்கொண்டார்கள், கடையைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், என் மேலும் வழக்கு வரலாமாம். வரட்டும். சதீஷ் கையில் மாவுக்கட்டோடு ஜெயிலில் இருக்கிறான்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் பேசினேன். கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே, குரலை உயர்த்திப் பேசினேன். அவன் அரிவாள் எடுத்தான், நீங்க பெல்ட் எடுத்தீங்க, ரெண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்தது நான் என்றேன். கையை ஓங்கினார். அடிங்க, ஸ்டேஷனுக்கு வழி எனக்கு இப்பத் தெரியும் என்றேன். கையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம், “புள்ளைக்கு எந்தக் காது?” என்று கேட்டார். எந்தக் காது என்றுகூட அவருக்கு நினைவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தக் கம்பி ஸ்டேஷனில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் மாறிவிட்டார் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன், இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான். நீ அங்கே நல்ல டாக்டராகப் பார்த்து அந்தக் காதைக் காட்டு, விழுந்தேன் என்று சொல்லாதே, அடித்தார்கள் என்று சொல்.

முந்தாநாள் மாலதியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்குத் துணிமணியும் பொம்மையும் கொஞ்சம் அரிசியும் எடுத்துக்கொண்டு ரசியா அக்கா வீட்டுக்குப் போனேன். பின்கட்டு கழுவி விடப்பட்டுக் காலியாகக் கிடந்தது. அக்கா விலாவில் கட்டோடு மிஷினில் உட்கார்ந்திருந்தார்கள். “போய்ட்டாம்மா, எங்கேன்னு எனக்குத் தெரியும், ஆனா ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா” என்றார்கள். சரிக்கா என்றேன். பொம்மையை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் திரும்பி நடந்தேன்.

என் கண்ணே, நீ செய்யும் வேலையில் கை தளராமல் இருக்க வேண்டும், உன் மேல் யார் கையும் இனி ஓங்கப்படாமல் இருக்க வேண்டும், நூறு வருஷம் நன்றாக இரு. என்னிடம் கோபப்படு, பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, வேலையை மட்டும் விட்டுவிடாதே, வேளைக்குச் சாப்பிடுவதையும் விட்டுவிடாதே. மறந்துவிடாமல் ஒன்று. பிப்ரவரி கடைசியில் வேறு வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தாய். புது விலாசத்தை எனக்கு எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. நீயாக என்றைக்காவது கொடுக்க நினைத்தால், அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெ. பொன்னுத்தாய்