கட்டி விழுந்த பசை

இன்று காலை ஆய்வகத்தில் கை கழுவும்போது விரல்கள் வழுவழுத்தன. பேட்டரிப் பசைக்கான பைண்டர் பொடி ஒட்டியிருந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் பசையாகிவிட்டது. சோப்புப் போட்டும் லேசில் போகவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

தஞ்சாவூரில் நாம் இருவரும் ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்த நாட்கள். பேட்டரிக்குள் கிராஃபைட் தூளைச் செப்புத்தாளோடு பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். அதைக் கரைக்கும் திரவத்தின் நெடி உனக்கு ஆகாது. பாபநாசம் போய் இறங்கும்வரை பஸ்ஸில் தலைவலி என்பாய். "தண்ணியிலயே கரையிற பசை இருக்குடி. அத வெச்சு செஞ்சு காட்டுறேன் பாரு" என்று பிடிவாதம் பிடித்து, நம் சாரிடம் ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினாய்.

ஆடிப்பெருக்கு அன்று நீ மதியமே ஊருக்குக் கிளம்பினாய். "பொடியக் கொஞ்சம் கொஞ்சமா தூவுடி. மொத்தமாப் போட்டா கட்டி விழுந்துடும்" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாய். எனக்கும் ஆற்றுக்குப் போகிற அவசரம். படித்துறையில் நிற்க இடமில்லை, சீக்கிரம் வா என்று அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். பொடியை மொத்தமாகக் கொட்டினேன். கட்டி கட்டியாக மிதந்தது. கட்டிகளைச் சல்லடையில் வடித்தெடுத்து, கீழே இறங்கிய நீர்த்த பசையைக் கிராஃபைட்டில் கலந்து தாளில் பூசிவிட்டு ஓடினேன்.

மறுநாள் பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. "நான் போட்ட அளவுதான் சார் தப்பு" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. பழைய திரவத்துக்கே திரும்பச் சொல்லிவிட்டார் சார். மறுபடி அவர் சம்மதிக்க ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் முழுக்க உன் தலைவலிக்கு நான்தான் காரணம்.

பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறு முற்றி நீ படுத்துவிட்டபோது, சொல்லிவிடத்தான் வந்தேன். "அன்னைக்கு அந்தப் பசைய..." என்று இழுத்தேன்.

"சல்லடையக் கழுவினது யாருடி? நான்தானே" என்று சிரித்தாய்.

"அப்ப ஏன்டி சார்கிட்ட சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

அடுத்த வாரம் நீ இல்லை.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் அந்தத் திரவமே கிடையாது, எல்லாம் தண்ணீர்தான். ஒரே ஒரு தடவை வந்து நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துவிட்டுப் போயேன் என்றிருக்கிறது. என் கையால் ஏதாவது கெட்டுப்போனால், யாரும் கேட்கும் முன்பே நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். எத்தனை பேரிடம் சொன்னாலும் மனசு ஆறவில்லை. நீ ஒருத்திதான் அதைக் கேட்கக் காத்திருந்தவள்.