பூட்டட்டோ, விடட்டோ என்று நீ கேட்டாய்

இன்று காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது விரலில் துவக்கு எண்ணெய் மணத்தது. நேற்றுப் பிஸ்டலைத் துடைத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய கை. இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. வீட்டில் ஒருவருக்கும் இந்த மணம் பிடிக்காது, சம்பலிலும் ஏறிவிட்டது என்று மூக்கைச் சுளிப்பார்கள். உனக்கு மட்டும் பிடிக்கும். "நல்ல மணமடி, தையல் மிஷின் மாதிரி" என்பாய். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுதத்தான் நினைத்தேன். செத்தவளுக்குப் பொய் எழுதி என்ன பயன்.

அது முதல் நாளே தொடங்கிவிட்டது. இங்கே நோர்வேயில் ஒரே முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை, உனக்குச் சமையலறை. கூட வேலை செய்த நோர்வேஜியப் பெண் ஒருத்தி, பெண்களுக்குச் சுடப் பழக்குகிறார்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தாள். நான் சிரித்தேன். நீ மடித்துக் கைப்பைக்குள் வைத்தாய். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. உன் அவர் கேட்டார்: "நோர்வேக்காரன் எங்களுக்குச் சமாதானம் பேசிறான், நீங்கள் ரெண்டு பேரும் துவக்குப் பழகப் போறியளோ?"

"கடதாசியைத்தானே சுடப்போறம். கடதாசி திருப்பிச் சுடாது" என்றாய் நீ.

அடுக்குமாடி ஒன்றின் கீழே, போர்க்காலப் பதுங்கிடத்தில் இருந்தது அந்தச் சுடுகூடம். நான் வெஸ்ட்லியில் ரயில் ஏறுவேன், நீ ரொம்சோசில் வந்து ஏறுவாய். படியிறங்கும்போது, "ஊரிலை பங்கருக்கை ஒளிச்சிருந்த ஆக்கள், இஞ்சை பங்கருக்கை நிண்டு சுடுறம்" என்று நீ சொல்ல இருவரும் சிரித்தோம். அதோடு என் சிரிப்பு முடிந்தது. பத்துக் குண்டு சுட்டுவிட்டுக் கடதாசியை இழுத்துப் பார்த்தோம். உன்னுடைய ஓட்டைகள் ஒரு தகரப் பேணி மூடிக்குள் அடங்கின. என்னுடையதைப் பிட்டு அரிக்கப் பாவித்திருக்கலாம். பழக்கியவர் உன் கடதாசியை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். நான்தான் பலமாகக் கை தட்டினேன். வயிறு எரிகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

அதன்பிறகு மூன்று வருடம். உனக்கு மூச்சு அடங்கி நிற்கும், எனக்கு நிற்காது. நான் புத்தகம் வாசித்தேன், வீட்டில் குண்டில்லாத வெறுந்துவக்கோடு கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நீ வேலை முடிந்து வெங்காய மணத்தோடு வந்து நின்று சுட்டுவிட்டுப் போனாய்.

ஒன்றே ஒன்று எனக்கிருந்தது. பிஸ்டலின் மேற்பாகத்தை, ஸ்லைட் என்போமே, அதைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் குண்டு ஏறும். வருடக்கணக்காய்ச் சமையலறையில் பெரிய சட்டிகளைத் தூக்கி உன் இடது கைப் பெருவிரல் மூட்டுத் தேய்ந்துபோயிருந்தது. பிடித்து இழுக்க ஏலாது. பயிற்சியில், "ஒருக்கால் இழுத்துத் தாவன்" என்று என்னிடம் நீட்டுவாய். நான் உடனே வாங்கமாட்டேன். என் கடதாசியைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு ஒரே இழுவையில் இழுத்துத் தருவேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இனித்தது.

போட்டியில் அப்படிக் கேட்க முடியாது. வெறுந்துவக்கை மேசையில் வைத்துத் தொடங்கும் சுற்றுகளில் நீ பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாய், இரண்டு மூன்று விநாடி போய்விடும். அப்படியிருந்தும் பெண்களில் நீ முதலாவது, நான் இரண்டாவது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

அப்போதுதான் ஒருவர் உனக்கு ஸ்லைட் ராக்கரைக் காட்டினார். ஸ்லைட்டின் பக்கத்தில் பூட்டுகிற சின்ன இழுபிடி. விரல்களைக் கொளுவி இழுத்தால் போதும், பெருவிரலுக்கு வேலையில்லை. நீ அதை வாங்கி, போட்டி விதிப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை என் வீட்டுக்கு வந்தாய். உனக்கு நோர்வேஜியன் நன்றாகப் பேச வரும், நீண்ட வசனம் வாசிக்கத்தான் பஞ்சி. உன் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் சாப்பாட்டு மேசையில்தான் உடைபடும். வரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுச் சங்கம், எல்லாம் நான் வாசித்து நீ கேட்டதுதான்.

"பூட்டட்டோ, விடட்டோ? இதிலை என்ன போட்டிருக்கிறான் எண்டு பாத்துச் சொல்லு."

வாசித்தேன். தெளிவாகப் போட்டிருந்தது. கடையில் வாங்கியபடியே சுடுகிற எங்கள் பிரிவில், துவக்கில் வெளியே எதையும் பூட்டக்கூடாது. பூட்டினால் திறந்த பிரிவுக்குப் போகவேண்டும். அங்கே எல்லோரும் குறி பார்க்கச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி வைத்துச் சுடுகிறவர்கள். வெறும் இரும்புக் குறியோடு நீ அங்கே போனால் அடியில்தான் நிற்பாய். எங்கள் பட்டியலில் உன் பெயர் இருக்காது. என் பெயருக்கு மேலே ஒருத்தியும் இருக்கமாட்டாள். ஒரு மிடறு தேநீர் குடிக்கும் நேரத்தில் இவ்வளவையும் நினைத்து முடித்தேன்.

"ஒண்டும் பிரச்சினை இல்லை. பூட்டு. கை முக்கியமல்லோ" என்றேன்.

கை முக்கியம் என்பது உண்மைதான். அதனால்தான் அவ்வளவு லேசாக வாயில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி. உன் காரில் லோறென்ஸ்கூக் தாண்டிப் போனோம். வழியில் நீ இரண்டு தரம் கேட்டாய், "வேறை ஒண்டும் நான் அறிய வேணுமோ?" என்று. முதல் தரம் இல்லை என்றேன். இரண்டாம் தரம், தண்ணீர் கொண்டு வந்தனியோ என்று கதையை மாற்றினேன்.

துவக்குகளைப் பார்வையிடும் மேசையில் நடுவர் இழுபிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதோடு திறந்த பிரிவில்தான் சுடலாம் என்றார். நீ "ஓக்கே" என்றாய். முகம் மாறவில்லை. உனக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, நான் முகத்தை அதிர்ச்சியாக்கி வைத்துக்கொண்டு தமிழில் வேறு சொன்னேன்: "ஐயோ, உன்னை மற்றப் பிரிவிலை போடப்போறாராமடி." நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "ஓம், கேட்டது" என்றாய். அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

எங்கள் பிரிவில் நான்கு பெண்கள். நான் முதலாவது. கையடக்கமான ஒரு கிண்ணம் தந்தார்கள். "வடிவாய் இருக்கு" என்று வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாய். நீ உன் பட்டியலில் கீழிருந்து மூன்றாவது. வீட்டுக்கு வந்து இரண்டு பட்டியலையும் மேசையில் விரித்து வைத்தேன். எல்லோருக்கும் ஒரே இலக்குகள், ஒரே தூரம். புள்ளியை நேரத்தோடு வைத்துப் பார்த்தால், நீ என்னைவிட மேலே. கை நோகாமல் இழுத்ததில் முன்னையைவிட வேகமாகவும் சுட்டிருந்தாய். களவெடுத்தும் எனக்கு நிறையவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் ஒன்றாகத்தான் ரயிலில் போனோம், சுட்டோம், வந்தோம். நீ அந்த இழுபிடியைக் கழற்றவேயில்லை. பயிற்சியில் என்னிடம் பிஸ்டலை நீட்டவும் இல்லை. நான் பக்கத்தில் நிற்க, என் கை சும்மா கிடந்தது.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், தோடம்பழச் சுளை உரித்துத் தந்துகொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "அந்தப் புத்தகத்தை வியாழக்கிழமையே மூத்த மகள் எனக்கு வாசிச்சுச் சொன்னவள்."

எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை.

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான். காருக்குள்ளையும் பாத்தனான்."

"அப்ப ஏன் கழட்டேல்லை?"

"கை நொந்ததடி. நீ சொல்லியிருந்தாலும் பூட்டித்தான் இருப்பன். எந்தப் பட்டியலிலை விட்டா எனக்கென்ன."

உனக்கென்ன. அந்த ஒரு சொல்லுக்காகவே உன்னோடு சண்டை பிடித்திருப்பேன், நீ படுக்கையில் இல்லாவிட்டால். நான் மூன்று வருடம் நித்திரை கொள்ளாமல் ஆசைப்பட்ட இடம் அது. அதை நீ விட்டுத்தந்துகூட இல்லை. அது உனக்கு வேண்டியதாகவே இருக்கவில்லை. நான் செய்த துரோகத்துக்கு ஒரு தேவையும் இருந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ அடுத்த சுளைக்குக் கையை நீட்டினாய். கேட்காமலே விட்டேன்.

ஆனால் நான் இன்றுவரை சுமப்பது அதையல்ல. நான் மறைத்தது தெரிந்திருந்தும், அந்த இரண்டு வருடமும் உன் கடிதங்களை நீ என்னிடம்தான் கொண்டுவந்தாய். மூத்தவள் வீட்டில் இருந்தாள், அவள் என்னைவிட நன்றாக வாசிப்பாள். வைத்தியசாலையிலிருந்து வந்த அந்த முதல் கடிதத்தையும் உடைக்காமல் என் மேசையில் வைத்து, "என்ன போட்டிருக்கிறான் எண்டு சொல்லு" என்றாய். நான் சொன்னதையெல்லாம் நம்பித் தலையாட்டினாய்.

நீ எனக்கு அப்படிச் செய்திருந்தால், நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு துண்டுக் கடதாசிகூட உன் கையில் தந்திருக்கமாட்டேன். சுடுவது கை வாகு என்று மனதைத் தேற்றலாம். இப்படி ஒரு மனம் உனக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு ஏன் வரவில்லை? கோபிக்காதே, அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.