முட்டி வலி தீர்க்கும் தண்ணீர்

ஜனவரி 9, வியாழன்

இதை நானே எழுதுகிறேன். என் பெயர் சீபர்ட். வயது எழுபத்து மூன்று. காலையில் கடலில் குளித்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அதையேதான் சொல்கிறது. எழுத்து மனிதர்களைப் போல் பேச்சை மாற்றுவதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

தினம் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் சர்ச் வகுப்பு மிஸஸ் கிரீவ்ஸ். எதை எழுத என்று கேட்டேன். "யாரோட பேசினீங்களோ, அதை எழுதுங்க" என்றார்.

நான் பேசுவது இரண்டு பேரோடுதான். டார்ன்லி, அயான்தி. டார்ன்லி தபாலாபீஸில் முப்பது வருடம் இருந்தவன். அயான்தி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். தினமும் காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்போம், தலையில் தொப்பியோடு. நீந்த மாட்டோம். ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுக் கரையேறுவோம். வீட்டுக்கு வந்தால் நானும் ரேடியோவும்தான். என் மனைவி யூடீன் போய் ஆறு வருடம் ஆகிறது.

வகுப்புக்குப் போவதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால், இத்தனை நாள் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்படோஸில் எழுதப் படிக்கத் தெரியாத ஆளைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். நான் கிடைக்காமல் இருந்துவிட்டேன். ஆறு வயதில் கரும்புத் தோட்டத்தில் களை பிடுங்கப் போட்டார்கள். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

இதை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 15, புதன்

கரையை ஒட்டிய ஹோட்டலின் விருந்தாளிகளுக்கு எங்களைப் பார்த்தால் ஏதாவது தோன்றிக்கொண்டே இருக்கிறது. திங்களன்று ஒருத்தர் இது ஹோட்டலின் உடற்பயிற்சி வகுப்பா என்று கேட்டார். நேற்று ஒருத்தர் ஞானஸ்நானமா என்று கேட்டார். இன்று ஒரு அம்மா, கையில் காப்பிக் கோப்பையோடு, "உங்களுக்கெல்லாம் நீச்சல் தெரியாதா? பாவம்" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "முட்டி வலிக்கு நிக்கிறோம்மா. ஒரு மணி நேரம் கிழக்கே பாத்து நின்னா வலி போயிடும்" என்றேன்.

எங்கள் கரை மேற்குக் கரை. கிழக்கே பார்த்தால் ஹோட்டல்தான் தெரியும்.

ஜனவரி 16, வியாழன்

நாலு பேர் வந்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஹோட்டல் சமையலறைக் கதவையே பார்த்தபடி, வாய் திறக்காமல் நின்றார்கள். டார்ன்லிக்குச் சிரித்துச் சிரித்து உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

இன்று பன்னிரண்டு பேர். அயான்தி எல்லோரையும் குதிகாலில் மணல் தேய்க்கவைத்தாள். "நல்லா தேய்ங்க, இது என்ன பாலா, பொங்கிடுமோன்னு பயப்பட?" என்று அதட்டினாள். பிறகு பாட்டுப் பாடினாள். ஞாயிறு ஆராதனைப் பாட்டுதான். அவர்கள் அதை மந்திரம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். யார் அதிக நேரம் மல்லாந்து மிதப்பது என்று போட்டி வைத்தோம். மான்செஸ்டரிலிருந்து வந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் ஜெயித்தார். கரையேறும்போது, "அங்கிள், நிஜமாவே முட்டி வலி இல்லே" என்றார். எனக்கே நம்பலாம் போலிருந்தது.

இந்தக் கரையில் இத்தனை சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஜனவரி 22, புதன்

இன்று பெரிய நாள். ஹோட்டலில் வேலை பார்க்கும் கெரிஷா என்ற பெண் கரைக்கு வந்தாள். எங்கள் மூன்று பேரையும் ஒரு படம் எடுத்தாள். மற்ற இருவரும் போன பிறகு ஒரு தாளை நீட்டினாள். "விருந்தாளிங்களுக்கு நீங்கன்னா உயிர், அங்கிள். இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, நாங்க உங்களைப் பத்தி எல்லாருக்கும் சொல்லுவோம்."

எழுத்து எறும்பு மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. வகுப்புப் புத்தகத்தின் எழுத்து பெரியது. படிக்கிறேன், ஒரு வாரம் கொடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பேனாவைத் திறந்து கையில் கொடுத்துவிட்டாள்.

எழுபத்து மூன்று வயது வரை பெருக்கல் குறிதான் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கும் அதுதான், யூடீனின் சாவுப் பத்திரத்துக்கும் அதுதான். இன்று முழுப் பெயரையும் எழுதினேன். சீபர்ட் ஆகஸ்டஸ் போய்ஸ். கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்துகூடப் போகவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

கரைக்கு இறங்கும் படி பக்கத்தில் ஹோட்டல்காரர்கள் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். மேலே எங்கள் மூன்று பேர் படம். அழகான படம். கீழே ஏதோ எழுதியிருக்கிறது, கொடி மாதிரி வளைந்து வளைந்து போகிற எழுத்து. எனக்கு அந்த எழுத்து இன்னும் பழகவில்லை.

டார்ன்லி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பிறகு தண்ணீரில் இறங்கினான். ஒரு அம்மா அவனிடம் போய், "கொஞ்சம் என் முட்டியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று காலைத் தூக்கினாள். அவன் நீந்தியே கரைக்குப் போய்விட்டான். அவன் நீந்திப் பார்த்து எத்தனையோ வருடம்.

பிப்ரவரி 5, புதன்

சண்டை. எழுத்து கோணலாக வருகிறது.

ஹோட்டலில் விசாரித்துவிட்டு வந்த டார்ன்லி எல்லோர் முன்னாலும் கேட்டான். "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நீதானே?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்ட?"

ஆமா என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரே வார்த்தை. இல்லேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்துல அயான்தி நின்னா. அவ முன்னாடி எப்படிச் சொல்வேன்?

அயான்திதான் முதலில் திரும்பினாள். "அம்பது வருஷமா சர்ச்சுல பாடறவப்பா நான். என்னைப் போய் மந்திரக்காரின்னு எழுத ஒத்துக்கிட்டியே சீபர்ட்." கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இருவரும் வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றும் இல்லை. பஸ்ஸில் கேள்விப்பட்டேன். சிக்ஸ் மென்ஸ் பக்கம், படகுகள் கட்டும் துறையில் குளிக்கிறார்களாம். அங்கே ஹோட்டல் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான் விடாமல் போகிறேன். இருபது பேர் வருகிறார்கள். மிதக்கும் போட்டி நடக்கிறது, மணல் தேய்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். நல்ல மனிதர்கள். கெட்டவர் ஒருத்தர்கூட இல்லை. ஆனால் சனிக்கிழமை எல்லோரும் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புதுசாக இருபது பேர் அதே கேள்வியோடு வருகிறார்கள். நானும் அதே முட்டியைச் சொல்கிறேன். "ஹோட்டல்ல எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க, அங்கிள்?" என்று இன்று மூன்று பேர் கேட்டார்கள்.

மான்செஸ்டர்க்காரர் பெயர் என்ன? கேட்டேனா?

பிப்ரவரி 17, திங்கள்

அந்தப் பலகையில் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் இனித் தண்ணீரில் இறங்க மாட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். படிக்கவில்லை. படம் வரைவது போல் ஓர் எழுத்து, அடுத்த எழுத்து என்று பார்த்துப் பார்த்து இறக்கினேன். இரண்டு வரி ஆயிற்று. விருந்தாளிகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் படம் எடுத்தார்.

பிப்ரவரி 19, புதன்

முழுவதையும் இறக்கி முடித்தேன். வீட்டு மேஜையில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தேன். இப்படி இருக்கிறது:

அங்கிள் சீபர்ட்டின் குணமாக்கும் கடல். தீவின் பரம்பரை வைத்தியரும் அவருடைய உதவியாளர்களான மந்திரக்கார மூதாட்டியும் முதியவரும் தினமும் காலை ஆறு மணிக்கு உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். எங்கள் விருந்தாளிகளுக்கு இலவசம்.

உதவியாளர்கள். டார்ன்லி எனக்கு உதவியாளனாம். நான் ஊரார் முன்னால் எடுபிடி ஆக்கிவிட்டேன் அவனை. ஒரு விளையாட்டுப் பேச்சு. அதை இப்படிக் கொண்டுபோய் நட்டுட்டாங்களே. நட்டது அவங்க, சரி. கையெழுத்து யாரோடது?

நான் சொந்தமாகப் படித்த முதல் நீண்ட சங்கதி இதுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

ஹோட்டலுக்குப் போனேன். அந்தத் தாளைக் காட்டச் சொல்லி, நின்றுகொண்டே வாசித்தேன். கெரிஷா பொறுமையாகக் காத்திருந்தாள். தப்பு சொல்லக் கூடாது, நல்ல பெண். "சீசன் முடியற வரைக்கும் பலகையை எடுக்க முடியாது, அங்கிள். நீங்க சம்மதிச்சிருக்கீங்களே. எல்லாருக்கும் சந்தோஷந்தானே?"

"எனக்கும் சந்தோஷமாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

போகவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கடலுக்குப் போகாமல் ஏழு நாள். அந்தப் பலகைக்குக் கீழே நிற்க மனமில்லை. வேறு கரையில், என் வயதில் தனியாகக் கடலில் இறங்குகிறவன் முட்டாள். காலையில் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன். யாரும் வந்து கேட்கவில்லை. யார் வருவார்கள்? நான் வரவில்லை என்று தெரிந்தவர்கள் விமானம் ஏறியிருப்பார்கள். அடுத்து வந்தவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது.

மிஸஸ் கிரீவ்ஸ் என் கையெழுத்து அழகாகிவிட்டது என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

ரொட்டி வாங்கப் போனபோது ஒரு விருந்தாளி அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். பலகையில் பார்த்திருக்கிறாள். "லீவுல இருக்கீங்களா, அங்கிள்?"

ஆமா என்றேன். இந்த ஆமாவை விடவே முடியவில்லை.

மார்ச் 8, சனி

சிக்ஸ் மென்ஸ் போனேன். பஸ்ஸில் பத்து நிமிடம்தான். இந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று.

தண்ணீரில் ஒரே ஒரு தலை. டார்ன்லி. நான் முப்பது அடி தள்ளி இறங்கி நின்றேன். அவன் திரும்பவில்லை. "அயான்தி எங்கே?" என்று கேட்டேன்.

"டொரண்டோ. மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா. ரெண்டு வாரம் ஆச்சு."

"திரும்பி எப்போ?"

"வீட்டைப் பூட்டி சாவியை சர்ச்சுல குடுத்துட்டுப் போனா."

அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு வாரமாக இவனும் தனியாகத்தான் நின்றிருக்கிறான். இரண்டு முட்டாள்கள், இரண்டு கரையில்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"அந்தப் பேப்பரை நான் படிக்கலே, டார்ன்லி."

"அதான் தெரியுமே. சோம்பேறிப் பய நீ."

"படிக்கத் தெரியாது. அப்ப தெரியாது. இப்பதான் கத்துக்கறேன்."

அவன் முழுசாகத் திரும்பினான். "நாப்பது வருஷமா கண்ணாடிய மறந்துட்டேன், நீயே படின்னு எங்கிட்ட நீட்டுவியே."

"எனக்குக் கண்ணாடியே கிடையாது."

மீன்பிடிப் படகு ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதன் அலை அடங்கியது. பிறகு கேட்டான். "மருந்து சீட்டு?"

"மாத்திரையோட கலர் பாத்து."

"பஸ்?"

"ஓட்டறவன் மூஞ்சியப் பாத்து."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் குரல் உடைந்துவிட்டது. "முப்பது வருஷம் தபாலாபீஸ் ஜன்னல்ல உக்காந்து எத்தனை பேருக்குக் கடுதாசி படிச்சிருக்கேன், எழுதிக் குடுத்திருக்கேன். உனக்குச் செய்ய மாட்டேனாடா?"

"அதனாலதான் சொல்லலே."

கரையேறிப் போய்விட்டான். துண்டைக்கூட எடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

துண்டைத் துவைத்து எடுத்துப் போனேன். வந்திருந்தான். இருபது அடி தள்ளி நின்றான். துண்டைப் படகின் மேல் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பன்னிரண்டு அடி இருக்கும். கிரிக்கெட் எப்படிப் போகிறது என்று கேட்டான். தோற்கிறோம் என்றேன்.

மார்ச் 19, புதன்

அயான்திக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஆறு நாள் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. உறை வாங்கிவிட்டேன். விலாசம் இல்லை. கரையில் தலை துவட்டும்போது டார்ன்லியிடம் கேட்டேன். அவன் எழுதித் தருவான் என்று பேனாவையும் உறையையும் நீட்டினேன்.

வாங்கவில்லை. "எழுதிக்கோ" என்றான்.

வீட்டு எண், தெரு, ஊர், நாடு. ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னான். நான் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உறையை வைத்து எழுதினேன். தபாலாபீஸில் எல்லோருடைய உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தப்பு, அது தப்பு என்று திருத்தியவன் அவன். இன்று எட்டிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் 30, ஞாயிறு

டொரண்டோவிலிருந்து பதில் இன்னும் இல்லை. இன்று அலை கொஞ்சம் அதிகம். என் முழங்கை தன் விலாவில் குத்துகிறது, தள்ளி நில்லுடா என்று டார்ன்லி இரண்டு தடவை சொன்னான். நான் தள்ளி நிற்கவில்லை.