நூற்றிருபது அடி தள்ளி

ஜூலை 6

மாண்புமிகு குழுத் தலைவி அவர்களுக்கு,

பயப்படாதே, அப்பாதான்.

பள்ளியில் ஏதோ இளையோர் குழுவாம், ஏழு பேராம், அதற்கு நீ தலைவியாம். அம்மா சொன்னாள். நானும் எட்டாம் வகுப்பில் ஒரு நாள் தலைவனாக இருந்தவன்தான். சத்தம் போடுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். முதல் பெயரே என்னுடையதாகிவிட்டது, பதவி போய்விட்டது.

போனில் கேட்டால் 'ம்', 'சரிப்பா', 'அம்மாகிட்ட குடுக்கவா' என்று மூன்றே பதில் வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். அந்தக் குழு என்னதான் செய்யும்? சின்ன வயதில், ஊருக்கு நல்லது செய்வது பெரியவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன். பெரியவனான பிறகு, அது வேறு யாரோ பெரியவர்கள் வேலை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் இப்போதே கிளம்பிவிட்டீர்களே, அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

இந்த டிப்போவுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷமாகியும் தங்கும் அறையின் மின்விசிறி என்னைக் கண்டால்தான் நிற்கிறது. மற்றபடி சுகம்.

உன் தொண்டன்,
அப்பா

ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நகராட்சி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே வேலைதான் கொடுத்திருக்கிறது. ஊரில் ஒரு பிரச்சினையைப் பிடித்து, அதன் காரணத்தைக் கண்டுபிடித்து, மன்றக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும்.

நாங்கள் எடுத்திருப்பது நீங்கள் பஸ் ஓட்டிய பழைய தடம். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நிழற்குடை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, பஸ் மட்டும் அங்கே நிற்பதில்லை. டேப் வைத்து அளந்தோம். நூற்றிருபது அடி தள்ளித்தான் நிற்கிறது, எந்த பஸ்ஸாக இருந்தாலும். நான்கு நாள் காலையில் நின்று எண்ணினோம்: ஓடியவர்கள் முந்நூற்றுப் பதினெட்டு, ஓடியும் விட்டவர்கள் நாற்பத்தொன்று. அதில் நான்கு நாளும் விட்டவர் ஒரு தையல்கார அக்கா. ஊன்றுகோல் வைத்து நடப்பவர். "இன்னும் ஒரு மாசம் பாக்குறேன், அப்புறமும் லேட்டுன்னா வேற ஆளு"ன்னு முதலாளி சொல்லிவிட்டாராம்.

ஏன் தள்ளி நிற்கிறது? மருந்துக் கடைக்காரர், "கீழ சாக்கடை போகுது"ன்னார். போகவில்லை. டிராஃபிக் போலீஸ், "வளைவும்மா"ன்னார். வளைவே இல்லை. கண்டக்டர், "அங்கதான் நிக்கும், நின்னுக்கிட்டே இருக்கு, போவியா"ன்னார். டிப்போவில் கேட்டதற்கு 'தொழில்நுட்பக் காரணம்' என்று பதில் வந்தது. காரணம் தெரியாமல் எதையும் மாற்ற முடியாது என்கிறார் நகராட்சிப் பொறியாளர்.

பதினோரு வருடம் அங்கே ஓட்டியவர் நீங்கள். ஏன் அப்பா?

ஆவலுடன்,
உங்கள் மகள்

ஜூலை 22

என் செல்லத்துக்கு,

மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். முதலாவதில் வளைவு என்று எழுதினேன். உங்கள் டேப் ஞாபகம் வந்தது.

காரணம் நான்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நிழற்குடைக்கு எதிரே குடிநீர்க் குழாய்க்காகக் குழி வெட்டினார்கள். "குழி மூடற வரைக்கும் தள்ளி நிறுத்துங்க"ன்னு எங்களிடம் சொன்னார்கள். இருபது நாளில் மூடிவிட்டார்கள். பழைய இடத்தில் நிறுத்து என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று காத்திருந்தேன். காத்திருந்ததும் ஒரு நாள் மறந்து போயிற்று. அந்தத் தடத்துக்கு மூத்த ஓட்டுநர் நான், புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிட்டவனும் நான். ஒருவன் கேட்டான்: "ஏன் சார் இங்க நிறுத்துறோம்?" நான் ஸ்டியரிங்கைத் தட்டி, "அனுபவம்ப்பா" என்றேன். அவனும் மரியாதையாகத் தலையாட்டினான். இதுதான் உங்கள் தொழில்நுட்பக் காரணம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓடி வருகிறவர்களை நானும் கண்டக்டரும் கண்ணாடியில் பார்ப்போம். "பச்சைச் சட்டை புடிச்சிடுவாரு, குடை அம்மா கஷ்டம்தான்" என்போம். சிரிப்போம். உன்னிடம் எழுதும்போதுதான் அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரிகிறது.

ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் சோதனை ஆய்வாளர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. இந்த முறை என் பெயர் இருக்கிறது என்கிறார்கள். கூட்டத்தில் 'ஒரு பழைய ஓட்டுநர் சொன்னார்' என்று மட்டும் சொல்லிவிடேன். பொய் இல்லையே, பழைய ஓட்டுநர்தானே நான்?

தலை சொறிந்தபடி,
அப்பா

ஜூலை 30

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குழுவிடம் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஏழு பேரும் சேர்ந்துதான் தேடினோம்.

வாக்கெடுப்பு நடத்தினோம். 'பழைய ஓட்டுநர்' என்று சொன்னால் போதும் என்று நான்கு பேர், உங்களைக் குறிப்பிட்டே சொல்ல வேண்டும் என்று மூன்று பேர். அந்த மூவரில் நான் ஒருத்தி. தோற்றுவிட்டோம், ஆகவே நீங்கள் கேட்டபடிதான் சொல்வேன்.

ஆனால் பொறியாளர் நேற்றே கேட்டுவிட்டார்: "எழுத்துல யாரு குடுத்தாங்க? இல்லன்னா அது வெறும் பேச்சும்மா." உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, காட்டினால் யாரென்று தெரிந்துவிடும். கூட்டம் பதினான்காம் தேதி. தையல்கார அக்காவுக்கு முதலாளி கொடுத்த மாதமும் அதோடு முடிகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குடை அம்மா, அன்றைக்கு பஸ்ஸைப் பிடித்தார்களா?

மகள்

ஆகஸ்ட் 4

மகளுக்கு,

பிடிக்கவில்லை. முன்னாடி மேடு, வேகம் எடுத்திருந்தேன், நிறுத்தவில்லை. கண்ணாடியில் குடை சின்னதாகிக்கொண்டே போனது. இதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது என்பதே நீ கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இதோடு என் வாக்குமூலம் இருக்கிறது. பணியாளர் எண், பழைய டிப்போ, எந்த வருஷம், யார் யாருக்குப் பழக்கினேன், கண்ணாடியில் பார்த்துச் சிரித்தது, குடை அம்மா, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதே, என் கையெழுத்தா என்று சந்தேகப்படுவார்கள்.

மேலாளரிடம் ஒரு நகல் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "லிஸ்ட் வர இன்னும் ரெண்டு வாரந்தான்யா. பொறுக்கக் கூடாதா?" என்றார். "ஒம்பது வருஷம் பொறுத்துட்டேன் சார்" என்றேன். என்னவோ துணிச்சலாகப் பேசியது போல் எழுதுகிறேன். வெளியே வந்து வேறு யாருடைய பஸ்ஸிலோ ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ தோற்ற வாக்கெடுப்பில் என் வாக்கையும் சேர்த்துக்கொள். நான்குக்கு நான்கு. அப்புறம் தலைவி முடிவு.

அப்பா

ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பா,

திங்கள்கிழமையிலிருந்து பஸ் நிழற்குடையிலேயே நிற்கிறது. முதல் நாள் பெரிய கூத்து. தூரத்தில் பஸ்ஸைக் கண்டதும் எல்லோரும் பழக்கத்தில் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். பஸ் இங்கே நின்றதும் திரும்பி ஓடி வந்தார்கள். ஓடாமல் பெஞ்சில் இருந்தவர் தையல்கார அக்கா ஒருவர்தான். காலை 8.10 பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினார். ஜன்னலோர இடம். இந்த வாரம் முழுக்க நாங்கள் ஏழு பேரும் பழைய இடத்தில் நின்று, வருகிறவர்களை இந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று அம்மா சொன்னாள். என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை அப்பா.

கூட்டத்தில் உங்கள் வாக்குமூலத்தை முழுவதும் வாசித்தேன். சிரித்ததையும், குடை அம்மாவையும். பிறகு பொறியாளர், "சரி, மாத்திடலாம்" என்று எழுதிக்கொண்டார். எழுதியவர் எனக்கு யார் என்று யாருமே கேட்கவில்லை.

நானாகத்தான் சொன்னேன்.

உங்கள்
மகள்