பழைய அளவு

ஒன்பது வருஷம் எங்கள் தலைக்கு மேலே மாடியில் இருந்துவிட்டு, இப்போது ரயில் தண்டவாளம் முடிகிற இடத்துக்கும் அப்பால் போய் உட்கார்ந்திருக்கிற போதகர் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும், கீழ்க்கடைத் தையல்காரன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். மெஷினுக்குத்தான் மூட்டுவலி. எண்ணெய் விட்டால் ஓடுகிறது, விடாவிட்டால் என்னைப் போலவே முனகுகிறது.

இந்தக் கடிதம் நானாக எழுதுவது அல்ல. சபைக் கமிட்டி எழுதச் சொன்னது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடிகாரக்கடைக்காரர் படியிறங்கி வந்து, "நாங்க எழுதினா ஐயா மரியாதையா ஒரு பதில் போடுவாரு. நீங்க எழுதினாத்தான் சிரிப்பாரு. சிரிச்சா மனசு இளகும். நீங்களே எழுதுங்க" என்றார். சபையில் உறுப்பினராகக்கூட இல்லாத, கீழ்த்தளத்திலிருந்து கூரைப்பலகை வழியாகப் பிரசங்கம் கேட்கிற எனக்கு இப்படி ஒரு பதவி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: திரும்பி வந்துவிடுங்கள்.

நீங்கள் போன ஏழு மாதத்தில் கூட்டம் குறைந்துவிட்டது. நான் எண்ணவில்லை, தூசி சொல்கிறது. முன்பெல்லாம் ஞாயிறு காலை நீங்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னால் மாவு சலித்ததுபோல என் கட்டிங் டேபிள்மேல் தூசி கொட்டும். அதில் விரலால் கோடு இழுத்துச் சட்டையே வரைந்துவிடலாம். இப்போது ஒரு சிட்டிகை விழுகிறது. உங்கள் இடத்தில் கடிகாரக்கடைக்காரர்தான் பேசுகிறார். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவருக்கு நேரம் தெரியும் என்று நம்பியது எங்கள் தப்பு. பாட்டு நடத்துகிற சுருதியக்காவே போன வாரம், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவுப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். சபையே நிம்மதியாகச் சேர்ந்து பாடிற்று.

அந்த முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? மாடியில் மொத்தம் நாலு பேர். நீங்கள், அம்மா, சுருதியக்கா, காது கேட்காத ஒரு பெரியவர். அவரும் வெயிலுக்கு ஒதுங்க வந்தவர். பிரசங்கத்தோடு நின்றுவிடாதே, வீடு வீடாகப் போ என்று உங்களுக்கு உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். "எந்த வீட்டுக்குன்னு சொல்லலியா?" என்று நான் நக்கலாகக் கேட்டேன். "அதுக்குத்தான் உங்க கடைக்கு மேல இடம் காட்டியிருக்காரு போல" என்றீர்கள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இறங்கி வந்து, இஸ்திரி மேஜைப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்பீர்கள்: "யாரோட அளவு மாறியிருக்கு?" நான் அளவு நோட்டைப் புரட்டுவேன். தபால்காரர் இடுப்பில் மூன்று அங்குலம் போயிருக்கும். அந்த வாரம் நீங்கள் அவர் வீட்டில் இருப்பீர்கள். வேலை போனது, பிள்ளை பேசாமல் போனது, சோறு இறங்காதது என்று எல்லாமே வெளியே சொல்வதற்கு முன்னால் என் டேப்பில்தான் தெரியவரும். ஊர்வம்பு எனக்கு மூச்சுமாதிரி. அதற்கு நீங்கள் ஒரே ஒரு கடிவாளம் போட்டீர்கள். "ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க. போகப்போறவனுக்கு மட்டும் சொல்லுங்க." போகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் நான் ஒன்பது வருஷம் உங்களிடம் மட்டும் வம்பு பேசினேன். என் வீட்டுக்காரி இதைத்தான் பெரிய அற்புதம் என்கிறாள்.

ஒரே ஒரு முறை பிசகியது. ரொட்டிக்கடைக்காரர் சம்சாரத்துக்கு இடுப்பு நாலு அங்குலம் கூடியிருக்கிறது என்று நான் குதூகலமாகச் சொல்ல, நீங்களும் அம்மாவும் போய், பிறக்கப்போகிற குழந்தைக்காக முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் அந்த அம்மாள் கையில் தட்டோடு நின்று, "ஐயா, இது புள்ள இல்ல, பன்னு" என்றாளாம். நீங்கள் ஆமென் சொல்லிவிட்டு அந்தத் தட்டிலிருந்தே ஒன்று எடுத்துச் சாப்பிட்டதால்தான் அந்தக் குடும்பமே சபைக்கு வந்தது.

இப்போது என் நோட்டில் அளவுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சொல்லத்தான் ஆள் இல்லை. லாரி டிரைவர் சம்சாரத்தின் ரவிக்கையை மூன்று மாதத்தில் இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டேன். "டயட்டா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். டயட்டில் இருப்பவள் கண்ணாடியைப் பார்ப்பாள். இவள் தரையைப் பார்த்தாள். கடிகாரக்கடைக்காரரிடம் சொன்னால் அதை வைத்து முக்கால் மணி நேரம் பேசிவிடுவார். யாரிடம் சொல்ல?

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஒளிக்கவில்லை. உட்கார இடமில்லாமல் படியில் ஆட்கள் நிற்கிற நாளாகப் பார்த்து, சாவியோடு இறங்கி வந்து, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி, "கிளம்பச் சொல்லியாச்சு" என்றீர்கள். "யாரு, வீட்டு ஓனரா?" என்றேன். நீங்கள் மேலே கைகாட்டவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள். கல்குவாரியில் தகரக் கொட்டகையில் மூன்று பேருக்காக இத்தனை பேரை விட்டுப் போகச் சொல்கிற குரல் என்ன குரல் ஐயா? எனக்குக் கேட்பதெல்லாம் மெஷின் சத்தம்தான். அது இதுவரை என்னை எங்கேயும் போகச் சொன்னதில்லை.

ஆனால் ஒரு சொப்பனம் கண்டேன். மத்தியானம், சாப்பிட்டு மேஜைமேல் தலை வைத்திருந்தபோது. யாரோ ஒருவர் அங்கிக்கு அளவு எடுக்க வந்து நிற்கிறார். முகம் பார்க்கத் தோன்றவில்லை. தையல்காரனுக்கு முகம் எதற்கு? தோளில் டேப்பை வைத்து இழுக்கிறேன், இழுக்கிறேன், டேப் முடியவில்லை. கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வெயிலுக்குள் ரிப்பன்மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. "எத்தனை பேருக்குங்க இது?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணுதான்" என்றார். எழுந்து பார்த்தால் கன்னத்தில் சாக்பீஸ்.

கடைசியாக ஒரு விஷயம். மாடி ஆரம்பித்துப் பத்தாவது வருஷம் வருகிறது. உங்களுக்கு ஒரு வெள்ளை அங்கி தைத்துப் போடவேண்டும் என்று சபைக்கு ஆசை. ஒன்பது வருஷமாக அந்த ஒரே சாம்பல் கோட்டில் ஓட்டிவிட்டீர்கள். அதற்கு எடுத்த அளவு முதல் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் உங்களை நான் அளக்கவே இல்லை. புது அளவு அனுப்புங்கள். அங்கே டேப் இல்லாவிட்டால் உங்களை நூலால் அளந்து, நூலையே உறையில் போட்டு அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். நூல் பொய் சொல்லாது.

சபை சார்பாகக் கூப்பிட்டாயிற்று. என் சார்பாகவும் கூப்பிடுகிறேன். முக்காலி காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் காலடியில் ஒன்பது வருஷம் தையல் ஓட்டியவன்.

*

குவாரியில் இருக்கிற எங்கள் ஐயாவுக்கு, கீழ்க்கடைக்காரன் ஏழு வாரம் கழித்து எழுதும் இரண்டாவது கடிதம்.

உங்கள் பதில் வந்தது. "இன்னும் கிளம்பச் சொல்லவில்லை, மூன்று பேர் பதினொன்றாகியிருக்கிறோம், நாங்கள் பூரண சுகம்" என்று மூன்றே வரி. சிரித்தீர்களா இல்லையா என்றுகூட எழுதவில்லை. கமிட்டி முன் கடிகாரக்கடைக்காரர் அதை வாசித்தார். அவர் வாசித்ததிலேயே சீக்கிரம் முடிந்தது அதுதான்.

அதற்கு நடுவில் இங்கே நடந்ததை முதலில் சொல்கிறேன். அந்தச் சொப்பனத்து ஆள் திரும்பவும் வந்தார். அதேபோல ஒரு மத்தியானம், அதே மேஜை, வெயில் தரையில் பால் கொட்டினமாதிரி கிடக்கிறது. இந்தத் தடவை அளவுக்கு நிற்கவில்லை. உங்கள் முக்காலியில் உட்கார்ந்து, பழகினவர்போல, "யாரோட அளவு மாறியிருக்கு?" என்றார். விழித்ததும் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "சோறு ஜாஸ்தி" என்றாள். சற்று நேரம் கழித்து, "போய்ட்டுத்தான் வாயேன்" என்றாள்.

போனேன், ஐயா. லாரி டிரைவர் வீட்டு வாசலில் போய் முழிபிதுங்க நின்றேன். நீங்கள் என்றால் ஒரு வசனம் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்த வசனம் ஒன்றுதான்: "ரவிக்கை சரியா இருக்காம்மா?" அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் நாலு மாதமாக வீட்டுக்கு வரவில்லையாம். விபத்தில் சிக்கி எங்கேயோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று அவளுக்குத் தெரியவே ஒரு மாதம் ஆகியிருக்கிறது. "யாருமே கேக்கல அண்ணே" என்றாள். நான் ஜெபம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான். போகப்போகிறவனுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. ஆகவே போகிறவர்களாகச் சிலரைத் தேடிப் பிடித்தேன். சுருதியக்கா மறுநாளே அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். இப்போது சனிக்கிழமைதோறும் ஆறேழு பேர் கடைக்கு வருகிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு. கடிகாரக்கடைக்காரர்கூட ஒரு வீட்டுக்குப் போகிறார். போய் வந்ததிலிருந்து அவர் பிரசங்கம் பாதியாகச் சுருங்கிவிட்டது. போன ஞாயிறு என் மேஜைமேல் இரண்டு கைப்பிடி தூசி.

சரி, அம்மா அனுப்பிய நூல்களுக்கு வருகிறேன்.

ஆறு நூல், ஒவ்வொன்றிலும் முடிச்சு, கூடவே ஒரு சீட்டு: தோள், கை, உயரம், கழுத்து, மார்பு, இடுப்பு. மார்பு நூலை டேப்பில் வைத்தேன். முப்பத்தைந்து. வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா அவசரத்தில் யாரோ குவாரிப் பையனை அளந்துவிட்டார் என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பு முப்பத்திரண்டு. அதற்கும் சிரித்தேன். பிறகு முதல் நோட்டை எடுத்துப் பக்கத்தில் விரித்து, மிச்ச நூல்களையும் வைத்தேன்.

தோள் பதினெட்டரை. நோட்டிலும் பதினெட்டரை. கை இருபத்துநாலு, நோட்டிலும் அதே. உயரம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எலும்பு அப்படியேதான் இருக்கிறது, ஐயா. எலும்பைச் சுற்றி இருந்ததுதான் போய்விட்டது. நோட்டில் மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பது. கழுத்தில்கூட இரண்டு அங்குலம் குறைவு. வீட்டுக்காரி நூல்களைக் கையில் எடுத்துச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று நான் மெஷினை ஓட்டவில்லை.

உங்கள் கடிதம் பூரண சுகம் என்கிறது. உறையில் இருந்த நூல் வேறு சொல்கிறது. அம்மா எழுத முடியாததை முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவரை ஒன்றும் கேட்காதீர்கள். ஊரையே அளந்து உங்களிடம் ஒப்பித்தவன், எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தவரை ஒன்பது வருஷம் அளக்கவில்லை. அந்தச் சாம்பல் கோட்டு எப்போதிலிருந்து உங்கள்மேல் தொங்க ஆரம்பித்தது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான் ஒருத்தன்தான்.

ஊருக்குச் சொல்லவில்லை. கடிகாரக்கடைக்காரரிடம் மட்டும் சொன்னேன். கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "இனிமே வாங்கன்னு கூப்பிடக் கூடாது. நாமதான் போகணும்" என்றார். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தி சபையில் இருக்கிறாளே, வீசிங்குக்கு உங்களுக்கு ஆவி பிடிக்கச் சொல்லித் திட்டுவாளே, அவள் லீவு போட்டுவிட்டாள். அவளும் நானும் என் வீட்டுக்காரியும் அடுத்த புதன்கிழமை ரயில் ஏறுகிறோம். கடைக்குப் பூட்டுப் போட்டு சாவியைச் சுருதியக்காவிடம் கொடுத்துவிட்டு வருகிறோம். என்னைப் போகச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். மெஷின் சத்தம் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

ஆகவே முதல் கடிதத்தில் கூப்பிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குரல் அங்கே இருக்கச் சொன்னால் இருங்கள். பதினொரு பேரை விட்டுவிட்டு வரவேண்டாம். ஆனால் நர்ஸம்மா சொல்கிற மாத்திரையை விழுங்குங்கள், காட்டச் சொல்கிற டாக்டரிடம் காட்டுங்கள். அதுவும் கீழ்ப்படிதல்தான் என்று கூரைப்பலகை வழியாக ஒரு நாள் நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லாவிட்டாலும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கி தயார், கையோடு கொண்டுவருகிறேன். மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பது, கழுத்து பழையபடி. போட்டுப் பார்த்தால் தொளதொள என்று இருக்கும், குவாரியில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிடித்துத் தைத்துக் கொடுங்கள் என்று அம்மா கேட்டாலும் நான் ஊசியைத் தொடமாட்டேன். ஒன்பது வருஷம் உங்கள் பேச்சை மறுக்காமல் கேட்டவன், இந்த ஒன்றில் மட்டும் உங்களைக் கேட்கவைக்கிறேன். பழைய அளவுக்குத்தான் தைத்திருக்கிறேன், ஐயா. நீங்கள் அதை நிரப்பிக் கொடுங்கள்.

அதற்காக, இப்போதுதான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட ஜெபத்தோடு,
உங்கள் தையல்காரன்.