ஆறு அடுப்பும் ஒரே வீடும்

என் முனியம்மக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. என் படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது உனக்குத் தெரியும். எழுத்து கோணும். இருந்தாலும் இதை வேறொருத்தரை எழுதச் சொல்ல மனசு வரவில்லை.

நம் வீடு இல்லை அக்கா. இடித்துவிட்டார்கள்.

ஏரிக்கரை ரோட்டை அகலமாக்குகிறார்கள். கம்பெனி லாரிகள் பெங்களூர் ரோட்டுக்குப் போக வழி போதவில்லையாம். ஓசூர் சந்தைக்கு ராகி மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர்கள் தங்குவதற்காக உன் மாமனார் கட்டிய இடம். தெருவுக்கு ஒரே கதவு, உள்ளே வாசல், சுற்றி ஆறு அறை. வண்டிகள் நின்றுபோன பிறகு கம்பெனி வேலைக்காரர்கள் நாங்கள் ஆறு அறையிலும் குடிவந்தோம். உனக்குக் கதவோரத் திண்ணைதான், சாப்பாடு எங்கள் அடுப்புகளில். ஜேசிபிக்கு அதை முடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. கூரை ஓடுகளைக்கூட முழுசாக இறக்கவில்லை.

சாமல்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது எனக்கு உன் தெலுங்கு கலந்த பேச்சும் சரியாகப் புரியவில்லை, பக்கத்து அறை ரத்னம்மாவின் கன்னடமும் புரியவில்லை. வந்த அன்றைக்கே நான் உள்தாழ்ப்பாள் தேடியதைப் பார்த்து நீ சிரித்தாய். "ஏம்மா, யாருக்குப் பயந்து தாழ்ப்பாளு? இங்க எவளும் போடறதில்ல. உன் வீட்டுக்காரன் ஷிப்டுக்குப் போனா என் பக்கத்துல வந்து படு" என்றாய். மலைக்கோயில் தேர் அன்றைக்கு ஆறு அடுப்பும் எரியாது. ஆறு வீட்டு அரிசியும் வாசலில் ஒரே அண்டாவில்தான் வேகும். பிள்ளை இல்லாத உன்னை எங்கள் பிள்ளைகள் எல்லாம் பெரியம்மா என்றார்கள்.

காவிரித் தண்ணீர்த் தகராறு நடந்த வருஷத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பக்கம் கர்நாடகத்தில் நம் ஆட்களை அடிக்கிறார்கள் என்று சேதி வந்ததும் இங்கே ஒரு கும்பல் கட்டையோடு வந்து கன்னடக்காரங்க வீடு எது என்று கேட்டது. ரத்னம்மா என் அறையில் பாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். நீ கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாய்.

"இது முனியம்மா வீடு. உள்ள இருக்கறது எல்லாம் ஒரே வீடு. எந்த ரூமுன்னு கேக்கறவன் என்னைத் தள்ளிட்டுப் போயி கேளு."

ஒருத்தனும் தள்ளவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும், என்ன சாதி, என்ன பாஷை, எந்த ஊர் என்று எப்படிக் கேட்டாலும், நாங்கள் ஆறு பேரும் அதையேதான் சொன்னோம். முனியம்மக்கா வீடு. எல்லாம் ஒரே வீடு. நீ செத்த பிறகும் அப்படித்தான் சொன்னோம்.

அக்கா, அதைத்தான் நானும் சொன்னேன்.

ரோட்டுக்காக வீடுகளை எழுத ஒருத்தர் நோட்டோடு வந்தார். இடிபடுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே மாடிக் குடியிருப்பில் வீடு கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கதவுக்கு முன்னால் குடம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"இது யார் வீடும்மா?"

"முனியம்மக்கா வீடு சார்."

"உள்ள எத்தனை வீடு?"

"எல்லாம் ஒரே வீடுதாங்க."

எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீ கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய் என்று நினைத்தேன்.

பட்டியல் ஒட்டியபோது அதில் நம் கதவுக்கு ஒரே வீடுதான் இருந்தது, உன் பேரில். எங்கள் ரேஷன் கார்டு ஆறையும் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். "எல்லாத்துலயும் கதவு நம்பர் ஒண்ணுதானே இருக்கு. நீங்களே ஒரே வீடுன்னு சொல்லியிருக்கீங்க" என்றார்கள். சொன்னது யார் என்று ரத்னம்மா கேட்டாள். நான்தான் என்றேன்.

கடைசி அறை இசக்கிதான் ஒரு வழி சொன்னாள். "அந்த ஒத்த வீட்டையாவது வாங்குவோம். ஆறு குடும்பமும் நெருக்கியடிச்சுக் கெடப்போம். அக்கா கார்டு இன்னும் இருக்கு, அதுல படம் மங்கிப் போச்சு. நீ போயி முனியம்மான்னு நில்லு. கெடுத்தது நீதான, நீயே சரிபண்ணு."

போனேன். உன் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போதெல்லாம் உன் பேர், உன் வீட்டுக்காரர் பேர் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். "முனியம்மா" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும்.

உன்னைக் குளிப்பாட்டியவள் நான். உன் வாய்க்கு அரிசி போட்டவள் நான். எப்படிச் சொல்வேன்?

"அவங்க செத்துட்டாங்க சார்" என்றேன்.

அவர் உன் பேரின் மேல் கோடு போட்டார். வெளியே இசக்கி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "அரிச்சந்திரன் பொண்டாட்டி வாரா, வழி விடுங்க" என்றாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

ரத்னம்மா ஆனேக்கல்லில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இசக்கி சிப்காட் பக்கம் தகரக் கொட்டகையில் இருக்கிறாள். மற்ற மூன்று குடும்பம் எங்கே என்று சரியாகத் தெரியவில்லை. நான் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். பக்கத்து அறையில் யார் என்று இன்னும் தெரியாது. இங்கே எல்லாரும் தாழ்ப்பாள் போடுகிறார்கள். நானும் போடுகிறேன்.

எது தப்பு அக்கா? முதலில் சொன்னதா, பிறகு சொல்லாமல் விட்டதா? ஒரு உயிரைக் காப்பாற்றிய வார்த்தை எப்படி ஆறு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும்? நீ இருந்தால் என்னைத் திட்டுவாயா? திட்டினால்கூடப் போதும் என்று இருக்கிறது.

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு நாலு வாரமாகப் போய் வருகிறேன். வாசலில் மனு எழுதுகிறவர் யார் பேரில் என்று கேட்டார். ஆறு பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழாவதாக உன் பேர் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வாங்குகிறவர் பார்க்கலாம் என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. கிடைத்தாலும் யார் திரும்பி வரப்போகிறார்கள்?

இருந்தாலும் நடக்க முடிகிற வரைக்கும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. போகிற இடத்திலெல்லாம், கேட்கிறவர்களிடமெல்லாம், நாங்கள் தனித்தனி ஆறு வீடு என்று சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே அக்கா.

உன் மூன்றாம் அறைத் தங்கச்சி,
செல்வி