வெள்ளரிக்காயில் பதிந்த பல்வரிசை

நீர் வற்றாதிருக்க, நெறி பிறழாதிருக்க. தெண்ணீர் நாட்டை ஆண்டவரும், மூன்று மலைக்கும் ஒரே குடை விரித்தவரும், பகைவர்க்கு இடியும் பசித்தவர்க்கு அடிசிலுமாய் விளங்கியவருமான கோ எயினராயரின் தலைநகர் கொன்றைவாயிலிலிருந்து, அவர்தம் ஓலைநாயகமாகிய அமைச்சர் தாயன் நம்பி, கற்சுனைக் கோட்டை காக்கும் தலைவர் மழவன் ஆதிச்சனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் அசையாது நிற்க; உம் சுனை கோடையிலும் ஊற; உம் காவலர் இல்லங்களில் அடுப்பு அணையாதிருக்க.

தேய்பிறை எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் மன்னர் விண்ணேகினார். நாடெங்கும் பறையறைந்து சொன்ன செய்தி அது, உமக்கும் எட்டியிருக்கும். அதைச் சொல்ல இவ்வோலை வரவில்லை. உம் சிறையிலிருக்கும் பொன்வினைஞன் குழைக்காதனைப் பற்றியும், அவன் வலக்கை விரல்கள் மூன்றைப் பற்றியுமே இது வருகிறது.

மன்னர் வாயைப் புண்ணாக்கிய குற்றத்துக்காக, வருகிற முழுமதி நாளில் அவனுடைய பெருவிரலையும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் துணிக்க வேண்டும் என்ற ஆணையோடு அவன் உம்மிடம் அனுப்பப்பட்டான். உமக்குத் தெரிந்தது அவ்வளவே. மீதியைக் கேளும்.

மன்னருக்கு மான் இறைச்சியும் களிப்பாக்கும் உயிர். இரண்டும் பல்லிடுக்கில் தங்கும் பண்டங்கள். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் பல்லின் முகத்தைத் துலக்குமேயன்றி இடுக்குக்குள் புகா. பொன் ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி ஈறு வீங்கியது. மூன்று மாதமாக மன்னர் இடப்பக்கத்தால் மென்றார். பிறகு அந்தப் பக்கமும் நொந்தது. நோகும் வாயோடு நீதி சொன்னவர் யாருக்குத்தான் நல்ல சொல் சொல்லியிருப்பார்? இடுக்குகளுக்குள் நாள்தோறும் நுழைந்து துடைக்கும் சிறு தூரிகை ஒன்று கிடைத்தால் ஈறு தானே ஆறும் என்று அரண்மனை மருத்துவர் உரைத்தார். அப்படியொரு கருவியை அதுவரை ஒருவரும் கண்டதில்லை. நகரில் தலைமயிரினும் மெல்லிய வெள்ளிக் கம்பி இழுப்பவன் குழைக்காதன் ஒருவனே என்பதால் இவ்வோலை விடுக்கும் நம்பி அவனை அழைப்பித்தார்.

குழைக்காதன் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் தன் பல்லிடுக்கை நாவால் தடவிக்கொண்டே பட்டறையில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் வேலையில் இறங்கியவன் பிறகு நிமிரவில்லை. கம்பியை இரண்டாக மடித்து, நடுவே மயிரை அடுக்கி, இரு முனையும் பிடித்து முறுக்கினால் மயிர் சுற்றிலும் சிலிர்த்து நிற்கும் என்று கண்டான். பன்றி மயிர் ஈற்றைக் கிழித்தது. அணில் வால் மயிர் எச்சில் பட்டதும் படுத்துக்கொண்டது. கடைசியில் கீரியின் வால் மயிரே ஈரத்திலும் நிமிர்ந்து நின்றது. கம்பி முனை குத்தாதிருக்க, அதை விளக்குச் சுடரில் காட்டிக் கடுகளவு மணியாக உருட்டினான். ஒவ்வொன்றையும் முதலில் தன் வாயில் விட்டுப் பார்த்தான். சோற்றை விட்டுக் கம்பியைத் தின்கிற கணவன் தனக்கு வாய்த்தான் என்று அவன் மனைவி பொற்றொடி அண்டை வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தாளாம். அவள் சிரித்த கடைசி நாள்கள் அவை.

அளவுதான் கிடைக்கவில்லை. நம் நாட்டில் உயிரோடிருக்கும் அரசர் மெய்யை அளக்கக் கூடாது. அளவுகயிறு பாடைக்கே உரியது என்பது முன்னோர் வைத்த முறை. அங்கி தைப்பவர் கண்ணளவால் தைப்பார். செருப்புத் தைப்பவர், மன்னர் ஆற்றுமணலில் நடந்துபோன பின் அடித்தடத்தை அளந்துகொள்வார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க மருத்துவருக்கே துணிவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு மருந்து தடவுகிறவர். குழைக்காதன் செருப்பின் கதையைக் கேட்டதும், மணலில் அடி பதிவதுபோல் பண்டத்தில் பல் பதியுமன்றோ என்றும், மன்னர் கடித்து வைத்த வெள்ளரிக்காய் ஒன்று கிடைத்தால் போதும் என்றும் நம்பியிடம் விண்ணப்பித்தான். நம்பி அந்த அறிவை மெச்சினார். இன்றும் மெச்சுகிறார்.

மறுநாள் மன்னரின் உணவுத்தட்டிலிருந்து, ஒரே ஒரு கடி பதிந்த வெள்ளரிக்காய் திரும்பி வந்தது. நம்பி அதை வாழையிலையில் பொதிந்து, மன்னர் கடித்தது இது என்று எழுதி, தம் இலச்சினையை இட்டு அனுப்பினார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வயல் வரப்புப்போல் நின்ற மெல்லிய சதையைக் குழைக்காதன் பொன்போல் காத்தான். காய் வாடுமுன் அதன்மேல் மெழுகு வார்த்து அச்செடுத்தான். அந்த அச்சுக்கு இம்மியும் பிசகாமல் பன்னிரண்டு தூரிகைகள் முறுக்கி, யானைத்தந்தப் பிடி பொருத்தி, போன முழுமதிக்கு மறுநாள் காலை அவையில் கொண்டுவந்து வைத்தான்.

மன்னர் பொறுமைக்குப் பெயர் பெற்றவரல்லர். தூரிகையை எடுத்தார், முன்பல் இடுக்கில் செலுத்தினார், அது புகவில்லை. புகாததை அழுத்தினார். மணிமுனை உள்ளே சிக்கிக்கொள்ள, வெடுக்கென்று இழுத்தார். கம்பி ஒடிந்து பாதி ஈற்றிலேயே நின்றது. குருதியை உமிழ்ந்த வாயாலேயே, முறுக்கிய விரல் மூன்றும் போகட்டும் என்று ஆணையிட்டார். குழைக்காதன் உயிருக்கோ கைக்கோ மன்றாடவில்லை. எவ்விடத்தில் பிழைத்தேன், எவ்வளவு பிழைத்தேன் என்று மட்டும் அறியத் தர வேண்டும் என்று கேட்டான். அவனை இழுத்துச் சென்றார்கள்.

ஐந்தாம் நாள், மன்னரின் உணவைக் கடித்துச் சோதிக்கும் தத்தன் என்பவன் நம்பியின் வாயிலில் வந்து நின்றான். அரண்மனையில் கழித்த பொருள் உணவு சோதிப்பவனுக்கு என்பது வழக்கம். ஆகவே எஞ்சிய பதினொரு தூரிகைகளும் அவனைச் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றைத் தன் வாயில் விட்டுப் பார்த்ததாகவும், கதவில் தாழ் விழுவதுபோல் ஒவ்வோர் இடுக்கிலும் அது போய்ப் பொருந்தியதாகவும், வெள்ளரிக்காயை அன்று முதலில் கடித்தவன் தானே என்றும், மன்னர் வாய் நொந்து அதைத் தொடாமலே தட்டைத் தள்ளிவிட்டார் என்றும் அவன் சொன்னான். தன்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்லி அழுதான். அது உண்மை. கேட்க வேண்டியவர் நம்பி, கேட்கவில்லை. மன்னர் உண்ணும் எதையும் மன்னருக்கு முன்னே இன்னொருவன் கடிக்கிறான் என்பது அரண்மனையில் பூனைக்கும் தெரியும். முப்பது ஆண்டு அமைச்சராயிருந்தவருக்கு அன்று அது தோன்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம்பி அக்கணமே மன்னரிடம் ஓடினார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நம் மன்னருக்குப் பல்லெல்லாம் இருக்கவே சொல் போயிருந்தது. தாடை பூட்டுப்போல் இறுகி, முகம் வீங்கி, கண் மட்டும் உயிரோடிருந்தது. நம்பி அவர் காலடியில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னார். விரல்களைத் தந்தருள வேண்டினார். மன்னர் கேட்டார். கண்ணில் நீர் வழிந்தது. வாயைத் திறக்க மும்முறை முயன்றார், முடியவில்லை. பிறகு கையை உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல் அசைத்தார். அதை நம்பி கண்ணாரக் கண்டார். உடனிருந்த சபையார் எழுவரும் கண்டார்கள். கண்டுவிட்டு, வாயால் பிறந்த ஆணை வாயால்தான் மாறும், கையசைவு ஆணையாகாது என்றார்கள். சட்டம் அவ்வாறுதான் இருக்கிறது. அதை ஏட்டில் எழுதியவர் நம்பியின் பாட்டனார்.

எட்டாம் நாள் மன்னர் மறைந்தார். வாய்க்கரிசி இடும் நேரத்தில் தாடை தானே தளர்ந்தது. அளவுகயிறு வெளியே வந்துவிட்டபடியால் அளப்பதற்கு இனித் தடையில்லை என்று நம்பி மெழுகைக் கொண்டுவரச் சொல்லி, மருத்துவரைக் கொண்டு மன்னர் பல்வரிசையை அச்செடுத்தார். மருத்துவர் அன்றுதான் முதன்முறையாகக் கண்ணைத் திறந்து அந்த வாயைப் பார்த்தார். இரண்டு அச்சையும் சபையில் அருகருகே வைத்தபோது, குழந்தையும் சொல்லும், அவை வேறு வேறு வாய்கள் என்று. குழைக்காதன் கையில் பிழை ஒரு மயிரிழையும் இல்லை என்று சபையார் ஒருமித்து ஒப்பினார்கள். ஆனால் ஆணையிட்ட வாய் இல்லை. அடுத்த அரசர் முடிசூடுவது நாற்பத்தோராம் நாள். முழுமதி அதற்கு முன்பே வருகிறது. பிழை தம் இலச்சினையில் இருந்ததால் தம் விரல்களைக் கொள்ளுமாறு நம்பி கேட்டார். ஆணை முறுக்கிய விரல்களைக் குறிக்கிறதே அன்றி முத்திரையிட்ட விரல்களை அன்று என்றார்கள். நாள் தவறினால் உம் தலையால் விடை சொல்ல வேண்டியவர் நீர் என்றும் சொல்லி, இந்த ஓலையோடு கண்காணிகள் இருவரையும் அனுப்புகிறார்கள். நம்பிக்கு வேறு வழி தெரியவில்லை. இருந்தால் சொல்லும், ஆதிச்சனாரே. இல்லையென்று அறிந்தேதான் கேட்கிறார்.

நீர் சென்ற வாரம் விடுத்த ஓலையில், குழைக்காதன் கலங்காமல் உண்கிறான், உறங்குகிறான், மன்னர் வாயை நோகவைத்த கை போவது முறையே என்று தேறியிருக்கிறான், அந்த அமைதியைக் கலைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர். நல்ல மனத்தோடு எழுதினீர். நம்பியும் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட எண்ணினார். குற்றமற்றவனிடம் போய் நீ குற்றமற்றவன் என்று சொல்லிவிட்டுத் தண்டிப்பதைவிட, குற்றவாளி என்ற நினைவிலேயே அவனை விடுவது இரக்கம் அல்லவா என்று தம்மைத் தாமே ஏமாற்றிப் பார்த்தார். பிறகு பட்டறைக்குப் போய்ப் பொற்றொடியைக் கேட்டார். அவள் அழவில்லை, அமைச்சரை உட்காரவும் சொல்லவில்லை. தன் கணவன் கை இல்லாமல் வாழப் பழகுவான் என்றும், கை பிழைத்தது என்ற எண்ணத்தோடு ஒருநாளும் வாழமாட்டான் என்றும், அந்த அமைதி உறக்கமன்று, உள்ளே அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆதலால் ஓலை விடுக்கும் நம்பியின் கட்டளை வருமாறு. இவ்வோலை உம்மை விளித்து எழுதப்பட்டதாயினும் குழைக்காதன் செவிக்கே உரியது. முழுமதி நாள் கதிர் எழுமுன் அவன் விலங்கைக் கழற்றி, அவனைப் பாயில் இருத்தி, இதை அவன் கேட்க ஓர் எழுத்தும் விடாமல் வாசிக்கச் செய்க. நம்பியின் குற்றம் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டா. மெழுகு அச்சுகள் இரண்டும், அவன் முறுக்கிய தூரிகைகள் பதினொன்றும், ஒடிந்த ஒன்றும் சந்தனப் பேழையில் வைத்து இத்துடன் அனுப்பப்படுகின்றன.

நம்பியின் சொல்லை அவன் நம்ப வேண்டியதில்லை. முன்பு நம்பித்தான் கெட்டான். தானே அளந்து அறியட்டும். இது தெண்ணீர் நாட்டு ஓலை மண்டபத்தில் இலச்சினை பொறித்து, கண்காணிகள் முன் கட்டிய ஓலை. உம் கோட்டை வாழ்க, உம் குடி வாழ்க.

பேழையை அவன் வலப்பக்கம் வைக்க. தூரிகையைப் பிடிக்கவும், அச்சில் விட்டுத் திருப்பவும், பொருந்துவதை உணரவும் அந்த மூன்று விரல்களும் வேண்டும். ஆகவே பேழையை முன்னதாகவே கொடுக்க. எவ்வளவு பொழுதாயினும் ஒருவரும் அவனை விரைவுபடுத்தலாகாது; அவன் கையிலிருந்து ஒருவரும் வாங்கலாகாது. அவன் பன்னிரண்டையும் பார்த்து முடித்துத் தானாகக் கீழே வைக்கும் வரை காத்திரும். வைத்தபின், ஆணையை நிறைவேற்றுக.